தோன்யா ரெமெடியோஸை நான் கூப்பிடாத நாள்

பாசஞ்சர் மேசையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகள் மூன்று பேர் போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னைக் கோயில் வாசலில் பிடித்துக்கொண்டார்கள். "சார், முப்பது வருசம் கப்பல் ஆபீசுல இருந்தீங்க. எங்களுக்கு ஒதவுற மாதிரி ஏதாச்சும் எழுதிக் குடுங்களேன்" என்றார்கள்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். சரக்குச் சீட்டு எழுதுவதும் அறை ஒதுக்குவதும் மூன்று மாதத்தில் உங்களுக்குத் தானே வந்துவிடும். அழகான கையெழுத்தில், அடிக்கோடு போட்டு, நேரம் குறித்து, ஒரு பெரிய தவறைச் செய்வது எப்படி என்பதை மட்டும் யாரும் சொல்லித் தர மாட்டார்கள். அந்த வித்தையில் எனக்குத் தேர்ச்சி உண்டு. ஆகவே அதையே எழுதுகிறேன். டைரியை எதிரே திறந்து வைத்துக்கொண்டு எழுதுவதால், இதில் வரும் நேரங்கள் எல்லாம் சரியானவை. நான் செய்த காரியங்கள்தான் சரியில்லாதவை.

பெரிய யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பீச் ஸ்திரீட்டில் இருந்த எங்கள் ஆபீசுக்கு ஒரு ஸ்பானியக் கப்பல் கம்பெனியின் ஏஜென்சி புதிதாக வந்தது. பார்சலோனாவிலிருந்து மணிலா போகும் கப்பல்கள் மாதம் ஒருமுறை பினாங்கில் ஒரு பகல் நின்று போகும். ஸ்பானியம் தெரிந்தவர் யாரும் ஆபீசில் இல்லை. மேனேஜர் துரை என்னைக் கூப்பிட்டு, "நீ கத்தோலிக்கன்தானே? சமாளித்துக்கொள்வாய்" என்றார். சின்ன வயதில் பூசை உதவி செய்தபோது நான் மனப்பாடம் செய்தது லத்தீன் என்பதையும், அதற்கும் எனக்கு அர்த்தம் தெரியாது என்பதையும் நான் அவரிடம் சொல்லவில்லை. இது என் முதல் தவறு. ஆனால் நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல.

ஆபீஸ் அலமாரியில் கிடந்த ஒரு பழைய கடிதம் எழுதும் கையேட்டிலிருந்தும், முதல் கப்பலில் வந்த கணக்கரிடம் கேட்டும், ஸ்பானியப் பெண்களை மரியாதையாக அழைக்கும் முறையை டைரியில் அட்டவணையாகப் போட்டேன். மணமாகாதவர் சென்யோரீத்தா. மணமானவர் சென்யோரா. வயதிலும் மதிப்பிலும் பெரியவர் தோன்யா. இந்தத் தோன்யாவில்தான் எனக்குச் சங்கடம். அதைக் குடும்பப் பெயரோடு சேர்க்க மாட்டார்களாம். அந்தப் பெண்மணிக்கு ஞானஸ்நானத்தில் வைத்த சொந்தப் பெயரோடுதான் சேர்க்க வேண்டுமாம்.

அதாவது வயதான ஓர் அம்மாளை, ஊரான் ஒருவன், நாலு பேர் நடுவில், பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்!

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் வரை என் மாமியாரின் பெயர் எனக்குத் தெரியாது. என் மூத்த மகளுக்கு அவர் ஞானத்தாயாக நின்றபோது, கோயில் பதிவேட்டில் சாமியார் எழுதியதை எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதே ஏதோ குற்றம் செய்ததுபோல இருந்தது. அப்படிப்பட்டவன் அட்டவணையின் கடைசிக் கட்டத்தில், சிவப்பு மையில், இப்படி ஒரு திருத்தம் எழுதினேன்: "பெண்களைப் பெயர் சொல்லி அழைப்பது முறையல்ல. எல்லோருக்கும் சென்யோரா என்று போட்டுக் கணவர் பெயரைச் சேர்த்தால் போதும்." ஒரு முழு தேசத்தின் மரியாதையை, டத்தோ கிராமாட்டில் ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்துகொண்டு, நான் திருத்தினேன்.

என் திருத்தம் மூன்று கப்பல்களுக்கு நன்றாகவே வேலை செய்தது. எப்படி என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஜெட்டியில் நின்று "சென்யோரா இன்னார்" என்று நான் கூப்பிடும்போதெல்லாம் பக்கத்தில் நின்ற கணவர் தன் பெயரைக் கேட்டுக் கையைத் தூக்கினார். பெண்கள் பின்னால் போனார்கள். என் முறையில் இருந்த ஓட்டை கணவர்களால் மூடியிருந்தது.

நான்காவது கப்பலுக்கு ஒரு வயதான அம்மாள் தனியாக டிக்கெட் எடுத்தார். மணிலாக்காரர். அவருடைய மகன் இங்கே பாண்டு வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசிப்பவர். மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்புகிறார். குட்டையான, நேரான உருவம். கறுப்பு உடை. டிக்கெட் எழுதும் குமாஸ்தாவான மூத்த கிராணி அவர் சொன்னதைச் சொன்னபடியே புத்தகத்தில் எழுதியிருந்தார்: தோன்யா ரெமெடியோஸ் அகிலார், சாந்தோஸின் விதவை.

கூட வந்த மருமகள் இசபெல் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் தமிழ் பேசுவார். மாமியார் ஏன் அவசரமாகப் போகிறார் என்று மேசைமேல் சாய்ந்துகொண்டு எங்கள் எல்லோருக்கும் சொன்னார்.

"கடைசி மகளுக்குக் கல்யாணம்லா. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியாரு. தூரத் தீவுல வேலை போட்டுட்டாங்க. தபசுகாலம் பொறந்துட்டா கோயில்ல கல்யாணம் வைக்க மாட்டாங்க, உங்களுக்குத் தெரியும்தானே? அதுக்குள்ள முடிக்கணும். அப்பா இல்லாத பொண்ணு. மாமி கையைப் புடிச்சுக் குடுத்தாத்தான் உண்டு. உடுப்பும் இதோ, மாமியே தைச்சது."

அந்த அம்மாள் மடியில் ஒரு நீளமான தட்டையான அட்டைப்பெட்டி இருந்தது. அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தார்.

நான் விரல் விட்டு எண்ணினேன். கப்பல் சிங்கப்பூர் போய் மணிலா சேர ஒன்பது நாள். தபசுகாலம் தொடங்கும் சாம்பல் புதனுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அடுத்த கப்பல் ஒரு மாதம் கழித்து. இதை விட்டால் கல்யாணம் தபசுகாலம் முடிந்து, பாஸ்காவுக்குப் பிறகுதான். அதற்குள் மாப்பிள்ளை தீவுக்குப் போயிருப்பார். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் அந்த அம்மாளிடம் தனி அக்கறை காட்டினேன். மருமகளை மொழிபெயர்க்கச் சொல்லி, "ஜெட்டியில கூட்டமா இருக்கும், படிக்கட்டு வழுக்கும். நீங்க பெஞ்சுலேயே இருங்க. ஒவ்வொருத்தரையா நானே கூப்பிடுவேன். கூப்பிட்ட பெறகு எந்திரிச்சா போதும்" என்றேன்.

அவர் தலையசைத்தார். சொன்னால் சொன்னபடி செய்கிற முகம் அது. என்னைப் போலவே இன்னொருவர் என்று சந்தோஷப்பட்டேன்.

அன்று மாலை பாசஞ்சர் லிஸ்ட்டை நல்ல தாளில் எழுதினேன். அந்த அம்மாளின் பெயரில் வந்து நின்றேன். ரெமெடியோஸ் என்று ஜெட்டியில் கத்த முடியுமா? முடியாது, அடித்தேன். அகிலார் என்பது அவர் பிறந்த வீட்டுப் பெயராம். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெயர் எதற்கு? அடித்தேன். சாந்தோஸின் விதவை என்ற சொல்லைப் பார்த்ததும் மனம் பதறியது. கல்யாணத்துக்குப் போகிறவரை, தாலியறுத்தவர் என்று ஊர் கேட்கக் கூவுவதா? அதையும் அடித்தேன். எல்லாம் போக மிஞ்சியது சென்யோரா சாந்தோஸ். படித்துப் பார்த்தேன். சுருக்கமாகவும் கண்ணியமாகவும் இருந்தது. ஒரு பெண்மணியை முழுக்கத் துடைத்து எடுத்துவிட்டுச் சுத்தமாக இருக்கிறது என்று மகிழ்ந்தவன் நான்.

மறுநாள் கப்பல் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டு நின்றது. ஐந்து மணிக்குப் புறப்பாடு. பயணிகளை லாஞ்சில் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். மூன்றரைக்கு நான் ஜெட்டியில் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று கூப்பிடத் தொடங்கினேன். மொத்தம் முப்பத்தொரு பேர். வழியனுப்ப வந்தவர்கள் அதற்கு இரண்டு மடங்கு. யார் போகிறவர், யார் வழியனுப்புகிறவர் என்று பிரிப்பதே பெரும் பாடு. "நீங்க போறீங்களா? இல்லைன்னா தள்ளி நில்லுங்க" என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று நாற்பத்திரண்டுக்கு "சென்யோரா சாந்தோஸ்!" என்று கூவினேன்.

பெஞ்சில் மாமியாரும் மருமகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். மாமியார் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். மருமகள் கைக்குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நீங்க போறீங்களா?" என்றேன், லிஸ்ட்டைவிட்டுக் கண் எடுக்காமல்.

"நான் போகலலா" என்றார் இசபெல்.

"நிச்சயமா?"

"என்னா நிச்சயமா! இவனுக்குப் பால் குடுக்கணும், வீட்டுல சோறு வைக்கணும். நான் எங்க போறது?"

தம்பிகளே, ஒரு பயணி புறப்படும் நேரத்தில் மனம் மாறுவது நம் தொழிலில் நடக்கக்கூடியதுதான். அப்படி நடந்தால் குறித்து வைக்க வேண்டும் என்பது விதி. நான் விதியை மீறுகிறவன் அல்ல. லிஸ்ட்டில் அந்தப் பெயருக்கு நேராக எழுதினேன்: "நேரில் கேட்கப்பட்டபோது பயணம் செய்ய விருப்பமில்லை என்று தெரிவித்தார். மணி 3.42." நீலப் பென்சிலால் அடிக்கோடு இட்டேன். மீதிப் பேரையும் கூப்பிட்டு முடித்து, கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை லாஞ்சிலேயே கப்பலுக்கு அனுப்பினேன். லாஞ்ச் போய்விட்டது. கப்பலிலிருந்து அது நேரே அக்கரை பட்டர்வொர்த்துக்குப் போய்விடும், திரும்பி வராது.

நாலேகால் மணிக்குப் பேனா முள்ளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் முன்னால் ஒரு நிழல் விழுந்தது. அந்த அம்மாள் நின்றார். பெட்டி கையில். ஏதோ கேட்டார். பின்னால் வந்த மருமகள் சொன்னார்:

"மாமி கேக்குறாங்க, அவங்க பேரை எப்பக் கூப்பிடுவீங்கன்னு."

"கூப்பிட்டேனே!"

"எப்ப?"

"சென்யோரா சாந்தோஸ்னு கூப்பிட்டேன். நீங்கதான் எந்திரிச்சு வந்து போகலன்னீங்க."

இசபெல் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான்தானே சென்யோரா சாந்தோஸ்? ஊர்ல எல்லாரும் என்னைத்தானே அப்படிக் கூப்பிடுவாங்க? மாமியை யாரு சாந்தோஸுன்னு சொல்லுவா? அவங்க தோன்யா ரெமெடியோஸ். மாமா செத்து இருபத்தஞ்சு வருசம். அவங்க பேரு அவங்க பேருதானே?"

"அப்ப நான் கேட்டப்ப மாமியாருதான் போறாங்கன்னு சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேட்டது என்னைலா! நீ போறியான்னு கேட்டா, எங்க மாமி போறாங்கன்னா சொல்லுவாங்க?"



மருமகள் மெதுவாக விஷயத்தை மாமியாருக்குச் சொன்னார். அந்த அம்மாள் கடலைப் பார்த்தார். கப்பல் புகைந்துகொண்டிருந்தது. அவர் அழவில்லை, கத்தவில்லை. பெட்டியைப் பெஞ்சில் வைத்தார். பிறகு மறுபடி எடுத்துக்கொண்டார். அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

இருந்தது நாற்பத்தைந்து நிமிடம். லிஸ்ட்டைத் திருத்தும் அதிகாரம் மேனேஜருக்கு மட்டும்தான் உண்டு. அவர் அன்று மலையடிவாரத்தில் எங்கோ விருந்துக்குப் போயிருந்தார். ஆபீசுக்கு ஓடி, ஆளனுப்பி, அவர் வந்து, கையெழுத்து வாங்குவதற்குள் கப்பல் முனையைத் தாண்டியிருக்கும். மாறாக அந்த அம்மாளைப் படகில் கொண்டுபோனால், லிஸ்ட்டில் இல்லாத ஆளை ஏற்றச் சொன்ன கிராணி என்று என் சீட்டைக் கிழிப்பார்கள். பன்னிரண்டு வருட வேலை. மூன்று பிள்ளைகள். நான் சரியாக ஒரு நிமிடம் யோசித்தேன் என்று டைரி சொல்கிறது. அந்த ஒரு நிமிடத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

படிக்கட்டின் அடியில் காதர் நானாவின் சம்பான் படகு இருந்தது. நாகூர்ப் பக்கத்து ஆள். முப்பது வருடமாக அந்தத் தண்ணீரில் துடுப்புப் போடுகிறவர். கிராணிமார்களைக் கிண்டல் செய்வதை ஒரு உபதொழிலாக வைத்திருந்தார்.

"நானா, கப்பலுக்கு! ஒடனே!"

"என்னா கிராணி, பேப்பர்காரர் கையில பேப்பர் இல்லாம ஓடியாறே? லாஞ்ச் போயி எவ்வளவு நேரமாச்சு?"

"ஒருத்தரை விட்டுட்டேன்."

"ஒருத்தரை விட்டுட்டியா? நீயா? அல்லா! நான் மவுத்தாகுறதுக்குள்ள இதைப் பாத்துட்டேன்."

நான் மேலே திரும்பிப் பதற்றத்தில் கையை நீட்டி, "சென்யோரா சாந்தோஸ், சீக்கிரம் எறங்குங்க!" என்று கத்தினேன். இசபெல் குழந்தையோடு இரண்டு படி இறங்கிவிட்டார்.

"நீங்க இல்ல!"

"பின்ன ஏன் என்னையே கூப்பிடுறீங்க!" என்று அவரும் கத்தினார். குழந்தையும் சேர்ந்துகொண்டது.

அந்த அம்மாள் மேல்படியில் நின்றார். அப்போதும் கூப்பிடுவதற்காகத்தான் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். நீட்டிய கையைக் கீழே போட்டேன். பிறகு வாழ்நாளில் முதல்முறையாக, பெற்ற தாயின் வயதுள்ள ஒரு பெண்மணியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

"தோன்யா ரெமெடியோஸ்!"

அவர் உடனே இறங்கி வந்தார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

காற்று எதிர்த்து வீசியது. காதர் நானா நின்றபடியே துடுப்புப் போட்டார். வாய் மட்டும் ஓயவில்லை. "என் பேரு ஒன் லிஸ்ட்டுல இருக்கா பாத்துக்க கிராணி. இல்லாட்டி நானும் வரலேன்னு எழுதிப்புடுவே. அப்புறம் இந்தத் துடுப்பைப் புடிக்கிறது யாரு?" என் தொப்பி கடலில் விழுந்தது. "அது போகுது, அதுக்கும் ஒரு மணி எழுதி வை" என்றார். அந்த அம்மாள் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அலை தெறிக்கும் பக்கம் தன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் கப்பலை ஒட்டியபோது நாலு நாற்பத்தெட்டு. ஏணியைப் பாதி தூக்கியிருந்தார்கள். மேலே ஒரு அதிகாரி கையில் தாளோடு குனிந்து பார்த்தார். தூரத்திலிருந்தே என் கையெழுத்து எனக்குத் தெரிந்தது. அவ்வளவு தெளிவான கையெழுத்து.

அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும். யார் இவர் என்று கேட்டார். சொன்னேன். அவர் தாளைப் பார்த்தார். ரெமெடியோஸ் அகிலார் என்று ஒருவரும் லிஸ்ட்டில் இல்லை என்றார். சென்யோரா சாந்தோஸ் என்று இருப்பதைப் பாருங்கள் என்றேன். அவர் சத்தமாகப் படித்தார். அந்தப் பெண்மணி பயணம் செய்ய விரும்பவில்லை, நேரில் கேட்டு எழுதப்பட்டிருக்கிறது, மணிகூடக் குறித்திருக்கிறது, ஏஜென்சியின் கையெழுத்தும் இருக்கிறது என்றார். இந்தத் தாளின்படி துறைமுகத்துக்குக் கணக்குக் கொடுத்தாகிவிட்டது, லிஸ்ட்டில் இல்லாத ஆளை ஏற்றினால் கேப்டன் பதில் சொல்ல வேண்டும் என்றார். அம்மாளும் ஸ்பானியத்தில் சொல்லிப் பார்த்தார், அதிகாரி தாளையே காட்டினார். அவர் சொன்னதில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியாது. நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் இதையேதான் சொல்லியிருப்பேன், இன்னும் கொஞ்சம் பெருமையாக.

"என்னா சொல்றான்?" என்றார் காதர் நானா.

"லிஸ்ட்டுல இல்லைங்கிறாரு."

"லிஸ்ட்டை எழுதுன நாதாரி யாரு?"

"நான்தான்."

"அப்ப அவனுக்கு அதை எழுதிக் குடு."

யோசிக்க நேரமில்லை. சட்டைப்பையில் டைரி இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் எண் போட்ட டைரி. அதுவரை அதில் ஒரு தாளைக்கூட நான் கிழித்ததில்லை. எண்பத்தெட்டாம் பக்கத்தைக் கிழித்தேன். ஆடுகிற சம்பானில், காதர் நானாவின் முதுகில் வைத்து ஆங்கிலத்தில் எழுதினேன்: லிஸ்ட் தவறு. இந்தப் பெண்மணி பயணம் செய்ய மறுக்கவில்லை, அவரை யாரும் கேட்கவில்லை. அவர் பெயர் தோன்யா ரெமெடியோஸ் அகிலார், சாந்தோஸின் விதவை. அதைத் திருத்தியவன் நான். ஏஜென்சியின் சார்பில் முழுப் பொறுப்பும் என்னுடையது. எனக்கில்லாத அதிகாரத்தை எடுத்துக்கொண்டு கீழே கையெழுத்துப் போட்டேன். கோணல்மாணலான எழுத்து. நான் எழுதிய தாள்களிலேயே அவலட்சணமானது அதுதான். உண்மையானதும் அதுதான்.

மேலிருந்து ஒரு வாளியைக் கயிற்றில் இறக்கினார்கள். தாளையும் டிக்கெட்டையும் போட்டேன். வாளி மேலே போனது. அதிகாரி படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். அந்த அம்மாளின் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார், தொப்பி இல்லாத தலை. பிறகு பின்னால் திரும்பி ஏதோ சொன்னார். ஏணி இறங்கத் தொடங்கியது.

முதலில் பெட்டி கயிற்றில் போனது. ஒருமுறை கப்பலின் பக்கவாட்டில் மோதியது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். பிறகு அந்த அம்மாள் ஏணியில் ஒரு கால் வைத்தார். அப்படியே நின்று திரும்பி, ஆறு மாதத்தில் கற்ற மலாயில், உன் பெயர் என்ன என்று கேட்டார்.

"மிஸ்டர் அந்தோணி" என்றேன்.

காதர் நானா துடுப்பில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார். "அது இவன் அத்தா பேரும்மா!" என்று தமிழில் சொல்லிவிட்டு, மலாயிலும் சொன்னார்.

அது நிஜம். நான் அ. சவரிமுத்து. வேலைக்குச் சேர்ந்த நாளில் மேனேஜர் துரை முதலெழுத்து எதைக் குறிக்கிறது என்று கேட்டு, குடும்பப் பெயர் அதுதான் என்று தானே முடிவுசெய்து, பதிவேட்டில் மிஸ்டர் அந்தோணி என்று எழுதிவிட்டார். பன்னிரண்டு வருடமாக என் அப்பாவைக் கூப்பிட்டால் நான் எழுந்து போய்க்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவின் பெயர் வேண்டாம், உன்னுடையது என்ன என்றார். சொன்னேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "பெலான், பெலான்" என்று மெதுவாகப் போகச் சொல்லி நான் கீழே கையை நீட்டிக்கொண்டிருக்க, அவர் விறுவிறுவென்று ஏறினார். மேல்தட்டில் நின்று, கப்பலில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, "கிராசியாஸ், தோன் சவரிமுத்து!" என்று நன்றி சொன்னார்.

"தோன் என்னா தோன்?" என்றார் காதர் நானா.

"ஆம்பளைக்கு மரியாதை."

"ஒனக்கா?" என்றார் அவர். கரை சேரும்வரை வேறொன்றும் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அது பெரிய மரியாதை.

மறுநாள் காலை மேனேஜரிடம் நடந்ததை நேரப்படி ஒப்பித்தேன். வேலை போகவில்லை. மூன்று மாதத்துக்கு ஜெட்டிப் பக்கம் தலை காட்டக்கூடாது என்று சொல்லி, மாடியில் பழைய ரிக்கார்டுகளைத் தூசி தட்டி அடுக்க அனுப்பினார். அந்த அறையிலிருந்து கடல் தெரியாது. அம்மாள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா, சிங்கப்பூரில் கப்பல் தாமதித்ததா, ஒன்றும் தெரியாமல் சாம்பல் புதன் வந்தது. நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு முழங்காலிட்டபோது, நான் என் பாவங்களை நினைக்கவில்லை. ஒன்பதையும் பன்னிரண்டையும் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன்.

பாஸ்கா முடிந்து இரண்டு வாரம் போனபின் ஒருநாள் மதியம், கிளாரினெட் வாசிக்கும் சாந்தோஸே மாடியேறி வந்தார். கையில் ஒரு கடித உறை. மணிலாவிலிருந்து வந்தது. சென்யோர் தோன் சவரிமுத்து என்று எழுதி, எங்கள் ஆபீஸ் விலாசம் சரியாக இருந்தது. அதன் குறுக்கே எங்கள் ஆபீஸ் ரப்பர் முத்திரை: "இப்பெயருடையவர் இங்கு இல்லை." கீழே வாசலில் கடிதம் வாங்குகிற பியூன் தன் கடமையைச் செய்திருந்தார். அது மணிலாவுக்கே திரும்பிப் போய், அம்மாள் அதை இன்னொரு உறையில் போட்டு மகனுக்கு அனுப்பியிருந்தார்.

உள்ளே நாலு வரி. சாந்தோஸ் படித்துச் சொன்னார். கல்யாணம் சாம்பல் புதனுக்கு முந்தைய நாள் நடந்தது. உடுப்பு கசங்கவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் தீவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மணமகளை ஒப்படைப்பவர் யார் என்று சாமியார் கேட்டபோது, "என் முழுப் பெயரையும் சொன்னேன், ஒன்றையும் அடிக்காமல்" என்று எழுதியிருந்தார்.

நான் அந்த உறையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, தலைமைக் கிராணியின் மேசைக்குப் போனேன். ஊழியர் பதிவேட்டில் ஒரு திருத்தம் செய்ய வேண்டும் என்றேன். திருத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மறுபடியுமா? இப்ப யாரு பேருய்யா?"

"என் பேரு சார். சவரிமுத்துன்னு எழுதணும்."

"பன்னெண்டு வருசமா அந்தோணின்னுதானே இருக்கு? அதுக்கென்ன கொறைச்சல்?"

"ஒண்ணுமில்ல சார், நல்ல பேருதான். ஆனா அவரு எங்கப்பா. இங்க அவரு வேலை பாக்கல."